சீட்டுக்கட்டும் வாய்க்கட்டும்

சீட்டாட்டம் என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். தருமர் நாட்டைத் தோற்ற கதையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் காசு வைத்து ஆடுவதில்லை. புளியங்கொட்டைதான் கணக்கு. 201 புள்ளியைத் தாண்டி முதலில் வெளியே போகிறவர் அன்றைக்கு எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும். இதுவும் சூதாட்டம் என்றால் சேலத்தில் பாதிப் பேரை உள்ளே வைக்க வேண்டியிருக்கும்.

இடம், செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடி. மாலை ஐந்து மணிக்குக் கூடுவோம், எட்டுக்குக் கலைவோம். வீட்டுக்காரர் முன்பு அரிசி மண்டி வைத்திருந்தவர். அவரை மாடிக்காரர் என்றே இங்கே சொல்கிறேன். ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார், நாற்பது வருஷம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்திய ஒரு பெரியவர், நூல் வியாபாரம் செய்யும் மாமன் மச்சான் இருவர், ஒரு பருப்பு புரோக்கர், அப்புறம் நான். ஆறு பேர் ஆட, ஏழாவது ஆள் வேடிக்கை பார்ப்பார். எங்களுக்குள் வந்த வம்பையும் அது எப்படித் தீர்ந்தது என்பதையும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

ரம்மியில் கெட்ட பழக்கங்கள் பல உண்டு. எண்ணெய்க் கையோடு சீட்டைத் தொடுவது சின்னக் குற்றம். சட்னி பட்ட ஆட்டின் ராணியை மறு ஆட்டத்தில் முதுகைப் பார்த்தே எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் கொஞ்சம் பெரிய குற்றமும்கூட. தோற்றதும் சீட்டை விசிறி எறிவது, தன் முறை வருமுன்னே நடுக்கட்டில் கை வைப்பது, சீட்டுப் போட்டவரின் கைராசியைத் திட்டுவது, இதெல்லாம் ஊருக்கு ஊர் உள்ளதுதான்.

ஆனால் வாயால் செய்யும் குற்றம் வேறு ரகம். "ஏழு கிளாவர் ரெண்டும் இறங்கியாச்சு, இனி யாருக்குங்க வரும்" என்று ஒருவர் உரக்கச் சொல்வார். அவருக்கு அது வெறும் பேச்சு. 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம், செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் நடந்த ரம்மி சம்பந்தமான வழக்கில், ரம்மி முக்கியமாகத் திறமை ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. மூன்று சீட்டு ஆட்டம் போல முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பியது அல்ல, விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதை இறக்குவது என்பதில் திறமை வேண்டும் என்பது அதன் காரணம். நினைவுதான் திறமை என்று கோர்ட்டே சொன்ன பிறகு, இறங்கிய சீட்டை ஏலம் போடுவது என்ன? கவனமாக இருந்து ஒருவர் சேர்த்து வைத்ததைக் கவனமில்லாதவருக்கு இலவசமாகக் கொடுப்பதுதானே. வேடிக்கை பார்க்கும் ஏழாவது ஆள் "அச்சச்சோ" என்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே பெரியவர்கள் ஆடியது பெலோத். 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. துருப்பில் ஜாக்கிதான் பெரியது, அதற்கடுத்தது ஒன்பது. இங்கே வந்து மாமன் மச்சான் இருவரும் இருபத்தெட்டு ஆடுவதைப் பார்த்தபோது, அதிலும் ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து என்ற அதே வரிசையைக் கண்டு ஆச்சரியப்பட்டேன். பெலோத்தில் ஜோடிக்காரரிடம் ஒரு வார்த்தை ஜாடையாகப் பேசினாலும் மானம் போய்விடும். கனைக்கக்கூடாது என்பார்கள். தோல்வியைச் சிரித்த முகமாக ஏற்பவரை பிரெஞ்சில் 'போ ழுவார்' என்பார்கள், அழகான ஆட்டக்காரர் என்று அர்த்தம். ஜெயிப்பவருக்கு அந்தப் பெயர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாஷை விஷயமும் இருக்கிறது. மாமன் மச்சான் இருவருக்கும் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். ஆட்டத்தின் நடுவே "வீட்டுக்குப் பால் வாங்கணும்" என்று ஒருவர் மற்றவரிடம் அதில் சொன்னாலும், கேட்பவர்களுக்கு அது பாலா, டைமன் ஜாக்கியா என்று தெரியாது. அமெரிக்காவில் போக்கர் ஆடும் பல சீட்டறைகளில் ஆட்டம் நடக்கும்போது ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம் என்று விதியே உண்டு. நாங்கள் தமிழ் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். புதுச்சேரியிலிருந்து என் பழைய சிநேகிதர் வந்து ஒரு வாரம் கூட ஆடியபோது எங்களுக்கும் அதே விதிதான். பிரெஞ்சில் பேச நாக்கு துடித்தது, கீழே இறங்கிப் போய் டீக்கடையில் பேசித் தீர்த்தோம்.

அந்தப் போக்கர் அறைகளில் ஒரு சௌகரியம், சீட்டுப் போடச் சம்பளத்துக்கு ஆள் இருப்பார், அவருக்கு மேலே தகராறு தீர்க்க ஒரு மேற்பார்வையாளர். பக்கத்து ஆள் முறை தவறினால் நாம் சண்டைக்குப் போக வேண்டாம், சீட்டுப் போடுகிறவரிடம் சொன்னால் போதும். 'ஸ்லோ ரோல்' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஜெயிக்கிற சீட்டு தன் கையில்தான் என்று தெரிந்தும், எதிராளி தான் ஜெயித்ததாக நம்பும்வரை இழுத்தடித்துவிட்டுக் காட்டுவது. விதிப்படி தப்பில்லை, ஆனாலும் அப்படிச் செய்கிறவரை யாரும் மதிப்பதில்லை. எங்கள் மாடியில் சம்பள ஆள் ஏது? எல்லாம் மாடிக்காரர் தலையில்தான்.

வம்பு இப்படி வந்தது. பட்டறைப் பெரியவருக்கு இரண்டு வருஷமாக நடுக்குவாதம். சலங்கையைப் பொடிப்பொடியாகப் பற்றவைத்த அதே விரல்களில் பதின்மூன்று சீட்டு விசிறியாக நிற்காது. ஒரு சீட்டு கீழே விழும், குனிந்து எடுப்பதற்குள் இன்னொன்று விழும். யோசிக்கும் வேகம் குறையவில்லை, அடுக்கும் வேகம்தான் குறைந்தது. புரோக்கருக்கு வயது எங்கள் எல்லோரையும்விடக் குறைவு, அறுபதைத் தொடவில்லை. கைபேசி ரம்மியில் ஊறினவர். அதில் சில விநாடிக்குள் சீட்டுப் போடாவிட்டால் முறை போய்விடுமாம். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்ட பிறகுதான் எங்கள் மாடிக்கு ஒழுங்காக வர ஆரம்பித்தார். ஆள் வந்தாலும் அந்த அவசரம் கூடவே வந்தது. "போடுங்ணா, போடுங்ணா" என்று மேசையைத் தட்டுவார். விழுந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "அந்த ராணி எனக்கு வேணாம், நீங்களே வெச்சுக்குங்க" என்பார்.

ஒரு நாள் பெரியவர் கையிலிருந்து மூன்று சீட்டு ஒன்றாக விழுந்தன. புரோக்கர் சொன்னார், "கட்டையில போற வயசுல சீட்டுக்கட்டு எதுக்குங்ணா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியவர் கையில் மீதியிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். "ஸ்கூட்" என்றார். நடுவில் விட்டதற்கு நாற்பது புள்ளி எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் வாத்தியார் மேசையிலேயே புரோக்கரைப் பிடித்துக்கொண்டார். "அவர் கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்து உட்காரு" என்றார், வகுப்பில் பையனை நிறுத்துவது போல. புரோக்கர் "நான் விளையாட்டுக்குத்தானுங்க சொன்னேன், ஆளாளுக்கு நாட்டாமை பண்றீங்க" என்று எழுந்து போனார். ஆக இரண்டு நாற்காலி காலி. வாத்தியார் சொன்னது நியாயம்தான், சொன்ன இடம்தான் சரியில்லை. ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவனும் இறங்கி வரமாட்டான்.

நான் பெரியவர் வீட்டுக்குப் போனேன். மகன்தான் இப்போது பட்டறையைப் பார்க்கிறார். ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "கை நடுங்குறது எனக்குத் தெரியாதுங்களா சார்? அவன் சொன்னதுகூடப் போகட்டும். சிரிச்சாங்க பாருங்க, முப்பது வருஷம் கூட உட்கார்ந்தவங்க" என்றார். யார் சிரித்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் பேரைப் பேசவில்லை. இனி வரமாட்டேன் என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "அஞ்சு மணி ஆனா வாசல்லயே நிக்கிறாருங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

திரும்பி நடக்கும்போது எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு ஒரு கை கிடையாது. பள்ளம் வெட்டிய ஒரு மரச்சட்டத்தைத் தன் முன்னால் வைத்து, அதில் சீட்டுகளைச் செருகிக்கொண்டு ஒற்றைக் கையால் பெலோத் ஆடுவார். தச்சரிடம் போய் ஓரடி நீளத்தில் தேக்குத்துண்டு ஒன்றில் சாய்வாக ஒரு வாள்வெட்டுப் போட்டுத் தரச் சொன்னேன். "போட்டோ வைக்கிறதுக்குங்களா?" என்று கேட்டார். இரண்டாகச் செய்யச் சொன்னேன். ஒன்று மட்டும் இருந்தால் அது நோயாளியின் சாமான் ஆகிவிடும் என்று பட்டது. ஒன்றை என் முன்னால் வைத்துக்கொண்டேன், விரல் மூட்டு வலி என்று சொல்லி. வலியும் பொய்யில்லை. இரண்டாம் நாளே வாத்தியார் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

மாடிக்காரர் செய்ததுதான் இதில் பெரிய வேலை. காலையில் வியாபாரம் சூடுபிடிக்கும் முன்னால் புரோக்கர் கடைக்குத் தனியாகப் போயிருக்கிறார். அந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம். "அண்ணனுக்குச் சீட்டு கலைச்சுப் போட முடியல, பக்கத்துல ஒரு ஆள் வேணும். உனக்குத்தான் கை வேகம். நீ போட்டுக் குடு" என்று கேட்டிருக்கிறார். புரோக்கர் கொஞ்ச நேரம் பருப்பை அளைந்துகொண்டிருந்துவிட்டு, "அவரு வருவாருங்களா?" என்றாராம். "நான் கூட்டிட்டு வர்றேன். ஆனா மேசைல உட்கார்ந்தா அவசரப்படுத்தறது கிடையாது, அது என் வீட்டுச் சட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். பிறகு எங்கள் எல்லோரிடமும் தனித்தனியாக இன்னொன்றும் சொன்னார், யாராவது யாரையாவது மட்டம் தட்டினால் மற்றவர்கள் சிரிக்கக்கூடாது என்று. நூல்கார மச்சான் அப்போது தரையைப் பார்த்தார்.

பெரியவர் பத்து நாள் கழித்து வந்தார். சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வெட்டு கொஞ்சம் அகலம், சீட்டு ஆடுது" என்று தொழில்காரராகக் குற்றம் சொன்னார். மகனிடம் சொல்லி அடியில் மெல்லிய தகடு வைத்துக்கொண்டார். இப்போது சீட்டு அசைவதில்லை. புரோக்கர் அவர் முறைக்குக் கலைத்துப் போடுகிறார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இன்றுவரை சொல்லவில்லை, பெரியவரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. புரோக்கரின் வாயும் முழுக்க அடங்கிவிடவில்லை. "போடுங்" என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்குகிறார். மேசையைத் தட்டும் விரல் இப்போது தன் தொடையைத் தட்டுகிறது.

போன வெள்ளிக்கிழமை பெரியவர் இரண்டாவது சுற்றிலேயே டிக் அடித்தார். சீட்டுகளைச் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்க நேரமானது, எல்லோரும் காத்திருந்தோம். சீக்வென்ஸ் சேராமல் இருந்த புரோக்கருக்கு முழு 80. அத்தோடு 201 தாண்டிவிட்டார். ஏழு செட்டுக்குச் சொல்ல அவரே கீழே இறங்கினார். படியில் நின்று, "அண்ணனுக்குக் காரம் கம்மிங்களா?" என்று மேலே பார்த்துக் கேட்டார்.

"தூக்கலாவே போடச் சொல்லு" என்றார் பெரியவர், அடுத்த ஆட்டத்துக்குச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டே.