குப்பை வகுப்பு

மாடித் தோட்டத்துக் கத்தரிக்காய்க்குச் சரியாகக் கணக்குப் போட்டால் யாரும் மாடித் தோட்டம் வைக்க மாட்டார்கள். வளர்ப்புப் பை, தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், மே மாத வெயிலுக்குப் பச்சை வலை, மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய், தினமும் இரண்டு வாளித் தண்ணீர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. அந்த இரண்டு வாளிக்கும் விலை உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் கோயம்பேட்டுக் கத்தரிக்காய்தான் மலிவு. என் ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். "பாஸ், செடி வளங்க, ஸ்ட்ரெஸ் குறையும். உலகத்தைக் காப்பாத்துறேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர்கள் சொல்வது சரிதான். இருந்தும் மூன்று வருஷமாக ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு பூங்காவில் நடக்கும் தோட்ட வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே கிடைப்பது கத்தரிக்காய் இல்லையென்றால் வேறென்ன என்று யோசித்ததில் வந்தது இந்தக் கட்டுரை.

வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. இருபது பேர் வருவோம். ரிட்டயர்ட் டீச்சர் ஒருவர், நைட் ட்யூட்டி முடித்து நேராக வரும் இரண்டு நர்ஸ்கள், மகளோடு வரும் ஆட்டோக்காரர், மிச்சம் என்னைப் போல லேப்டாப் ஆட்கள். வகுப்பெடுப்பவர் தூய்மைப் பணியாளர். எங்களுக்கு அக்கா. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் நாற்று நட்டு வளர்ந்தவர். கல்யாணமாகிச் சென்னை வந்து பதினெட்டு வருஷம் தெருத்தெருவாகக் குப்பை வண்டி தள்ளியவர். இப்போது வார்டின் மக்கும் குப்பையை உரமாக்கும் கூடத்தில் வேலை செய்கிறார்.

முதல் வகுப்பில் விதை கிடைக்கும் என்று எல்லோரும் கைப்பை கொண்டு போயிருந்தோம். அக்கா ஒரு தார்ப்பாயை விரித்து, யாரோ ஒரு வீட்டின் ஒருநாள் குப்பைப் பையை அதில் கொட்டினார். காய்கறித் தோல், டீத்தூள், பால் கவர், முட்டை ஓடு, டயப்பர், உடைந்த டம்ளர், மாத்திரை அட்டை.

"இதுல எது குப்பைன்னு சொல்லுங்க."

யாரும் வாய் திறக்கவில்லை. அவரே ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார். தோலும் தூளும் ஓடும் ஒரு பக்கம். பால் கவரும் அட்டையும் இன்னொரு பக்கம். பாதிக்கு மேல் முதல் பக்கத்தில் சேர்ந்தது. "இது மண்ணு. இன்னும் மண்ணாவல, அவ்ளோதான். மொதல்ல இத செய்யக் கத்துக்குங்க. வெதைய அப்புறம் பாக்கலாம்."

ஆறு வாரம் விதையைக் கண்ணில் காட்டவில்லை. இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் சுற்றிலும் ஓட்டை போட்டு, அடியில் காய்ந்த சருகு, அதன் மேல் அன்றைய காய்கறிக் கழிவு, திரும்பச் சருகு. தொடங்கிவைக்கக் கொஞ்சம் புளித்த மோர். ரெண்டு நாளைக்கு ஒரு கிளறு. வாளி நிரம்பியதும் மூடி, நாற்பது நாற்பத்தைந்து நாள் ஓரமாக வைத்துவிட வேண்டும். கரிமமும் நைட்ரஜனும் முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டுமென்று படித்ததை நான் ஆர்வமாகச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டார். "ஒரு கை ஈரம், ரெண்டு கை சருகு. அழுகின நாத்தம் வந்தா சருகு பத்தல. காஞ்சே கெடந்தா தண்ணி பத்தல. கையில புடிச்சுப் புழிஞ்சு பாரு தம்பி. சொட்டக் கூடாது, உதிரவும் கூடாது." முப்பதுக்கு ஒன்றை அன்றாடம் சமையலறையில் அளக்க இதைவிடச் சுருக்கமான வழியை நான் பார்த்ததில்லை.

என் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை டெலீட் செய்தால், பெரும்பாலும் அது உடனே அழிவதில்லை. அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பை மட்டும் சிஸ்டம் எடுத்துவிடும். ஃபைல் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். வாசலில் வைக்கும் குப்பைப் பையும் அப்படித்தான். நம் பார்வையிலிருந்து முகவரி போய்விடுகிறது, குப்பை போவதில்லை. தென்சென்னைக் குப்பைக்கு அந்த முகவரி பெருங்குடி. 1980களிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே கொட்டிவந்தார்கள். சுற்றியுள்ள ஏரிகளில் நிரம்பி வழியும் நீரெல்லாம் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிற இடம் அது. ஒருகாலத்தில் இருந்ததில் சிறு பங்குதான் இன்று மிச்சம். அந்த மிச்சத்தில் 1,247 ஹெக்டேருக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதே வருஷம் ஏப்ரலில் அங்கிருந்த குப்பைமேடு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது.

ஒரு ஞாயிறு அக்கா எங்களை அங்கே கூட்டிப்போனார். ரேடியல் ரோடு ஓரத்தில் நின்றால் ஒரே பார்வைக்குள் பூநாரைகளும் குப்பைமேடும் தெரியும். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலையைப் பற்றி டீச்சரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சிரித்துவிட்டார். "வீட்ல ரெண்டு நிமிஷத்துல பிரிக்காதத, முப்பது வருஷம் கழிச்சு மெஷின் வெச்சுப் பிரிக்கிறாங்க பாரு."

இதற்குப் பிறகுதான் எங்கள் அடுக்ககத்தில் உரத்தொட்டி வைக்கும் யோசனை வந்தது. சங்கக் கூட்டத்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. நாற்றம் வரும், புழு வரும் என்றார்கள். அதற்கெல்லாம் அக்காவிடம் கற்ற பதில் கையில் இருந்தது. தொட்டியைத் திறந்து காட்டி, மோந்து பார்க்கச் சொன்னோம். மழை பெய்த மண் வாசம் வந்தது. அப்போதுதான் நிஜமான எதிர்ப்பு வெளியே வந்தது. "வேஸ்ட்ட நாம ஏன் தொடணும்? அதுக்குத்தானே ஆள் இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் இன்னும் நேராக, "அந்தம்மா நமக்குக் கிளாஸ் எடுக்கறதா?" என்றார்.

அந்தக் கேள்விக்குள் சாதி இருந்தது. கேட்டவருக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். இந்த ஊரில் குப்பை என்பது பொருளின் பெயர் மட்டுமில்லை, அதை யார் தொட வேண்டும் என்ற ஏற்பாட்டின் பெயரும்கூட. என் வாளிக்குள் நான் கை விடும்போது அந்த ஏற்பாடு துளி அசைகிறது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

மறுவாரம் அக்காவே வந்தார். யாரையும் குறை சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி இரண்டு கையையும் மேசை மேல் வைத்தார். விரல்களில் பழைய தழும்புகள். "இது டியூப்லைட். இது ஊசி. இது எதுன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நீங்க செடி வைங்க, வைக்காமப் போங்க சார். ஈரத்தையும் கண்ணாடியையும் ஒரே பையில மட்டும் போடாதீங்க. பைக்குள்ள கை வுடறது நாங்க."

வீடுகளில் எது வருகிறது என்று நான் ஒரு எக்செல் ஷீட்டில் பதிந்துவந்தேன். மக்கும் குப்பை எத்தனை கிலோ, எத்தனை வீடு பிரித்துக் கொடுத்தது, எவ்வளவு உரம் கிடைத்தது. அன்றிலிருந்து அதில் இன்னொரு பத்தி சேர்ந்தது: இந்த வாரம் கையில் வெட்டு உண்டா, இல்லையா. உரத்தின் எடை ஏறி இறங்கும். நான் முதலில் பார்ப்பது இந்தப் பத்தியைத்தான்.

எங்கள் தொட்டியால் சென்னை மாறிவிடாது. நகரத்தின் குப்பை ஒரு நாளைக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல். ஹோட்டலும் மார்க்கெட்டும் கல்யாண மண்டபமும் கொட்டுவதற்கு முன்னால் என் பெயின்ட் வாளி எம்மாத்திரம்? "தனிமனிதர் மாறினால் போதும்" என்று சொல்லிக்கொடுத்தால், செய்ய வேண்டிய பெரிய கைகளை விட்டுவிட்டுக் கடைசியில் இருப்பவரைக் குற்றவாளியாக்குவதில் போய் முடியும். குப்பையைப் பிரித்துக் கொடுப்பது வீட்டின் வேலை, பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துப் போய்ச் சேர்ப்பது அமைப்பின் வேலை என்று 2016 விதிகளே சொல்லியிருந்தன.

ஆனால் வாளிக்கு வேறொரு பயன் இருக்கிறது. நகர்ப்புறத்திலும் கிராமசபை மாதிரிப் பகுதி சபை நடத்த 2022இல் தமிழக அரசு விதிமுறை கொண்டுவந்தது. எங்கள் பகுதி சபைக்கு வகுப்பிலிருந்து ஆறு பேர் போனோம். தெருமுனைகளில் சருகைக் கூட்டிக் கொளுத்துவதை நிறுத்த வேண்டும் என்று கேட்டோம். "வேற என்ன சார் பண்றது? எங்க கொண்டுபோய்க் கொட்டறது?" என்று பதில் வந்தது. ஆட்டோக்காரரின் மகள் எழுந்தாள். ப்ளஸ் ஒன் படிக்கிறாள். "எங்களுக்குக் குடுங்க சார். எங்களுக்குச் சருகு பத்தல" என்றாள். கூடவே, ஒரு மூட்டைச் சருகு எத்தனை வாளிக்கு வரும் என்றும் சொன்னாள். இப்போது எங்கள் நாலு தெருவில் சருகு எரிவதில்லை, மூட்டையாகப் பூங்காவுக்கு வருகிறது. மழைநீர்க் கால்வாயில் கொட்டிய கட்டட இடிபாட்டைப் பற்றியும் கேட்டோம். பாதி அள்ளினார்கள். மீதிக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பின் விளைச்சல் இதுதான் என்று நினைக்கிறேன். செய்து பார்க்காதவரிடம் "அதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராதுங்க" என்று சொல்லி அனுப்பிவிடலாம். தன் வீட்டு பால்கனியில் நாற்பத்தைந்து நாளில் மண் செய்தவரிடம் அதைச் சொல்ல முடியாது. நம்மாழ்வாரிடம் எனக்குப் பிடித்ததும் இதுவே. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டவர், பிறகு ஊர் ஊராக நடந்தே கற்பித்தார். 2013 டிசம்பரில் அவர் இறந்தது காவிரிப் படுகையில் மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பிரச்சாரத்தின் நடுவில். மண்ணைச் செய்யச் சொல்லிக்கொடுப்பதும் அதைத் தோண்ட வருபவரை மறிப்பதும் அவருக்கு இரண்டு வேலைகளாக இருக்கவில்லை.

எங்கள் வகுப்பில் இந்தக் கோடு சுலபமாக அழிந்துவிடவில்லை. 2025 ஆகஸ்டில், இரண்டு மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் மண்டலம் அதில் இல்லை. இங்கே ஏற்கனவே தனியார்தான். வாட்ஸப் குழுவில் ஒரு நர்ஸ் அந்தச் செய்தியைப் பகிர்ந்ததும் ஒருவர் எழுதினார்: "இது கார்டனிங் குரூப். பாலிடிக்ஸ் வேண்டாம் ப்ளீஸ்." ஏழெட்டு கட்டைவிரல்கள் விழுந்தன.

டீச்சரம்மா வாட்ஸப்பில் டைப் செய்ய நேரமெடுப்பார். கால் மணி நேரம் கழித்து அவர் பதில் வந்தது. "உரத்தைப் பற்றிப் பேசலாம், உரம் செய்கிறவர்களின் சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாதா? எனக்குப் புரியவில்லை. யாராவது விளக்கவும்."

யாரும் விளக்கவில்லை. மூன்று பேர் குழுவை விட்டுப் போனார்கள். நாங்கள் ஐந்து பேர் மறுநாள் ரிப்பன் மாளிகை வரை போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம். ஞாயிறன்று அக்கா வழக்கம்போல ட்யூட்டி முடித்து வந்தார். குழுவில் நடந்தது அவருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆடி முடியப் போகிறது, இதற்கு மேல் தள்ளக் கூடாது என்று சொல்லி, பழைய மாத்திரை டப்பாவிலிருந்து ஊர் முள்ளுக்கத்தரி விதையை ஆளுக்குப் பத்தாக எண்ணிக் கொடுத்தார். வராமல் போன மூன்று பேருக்கும் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார். "வீட்டு நம்பர் தெரியும்ல தம்பி? குடுத்துருங்க."