இறங்காத ஜாக்கி

வயலில் எரு கொட்டிய பிறகு, டிராக்டர் டிப்பரை இறக்கினார் அந்த விவசாயி. ஒரு முழம் மிச்சம் இருக்கும்போதே தொட்டி நின்றுவிட்டது. ஜாக்கி முழுசாக உள்ளே போகவில்லை. என்ன சிக்குகிறது என்று பார்க்க, குனிந்து தலையை உள்ளே நீட்டினார்.

"அப்பா, வெளியே வாங்க!" மகள் போட்ட சத்தத்தில் பின்வாங்கினார்.

வந்த மெக்கானிக் தொட்டியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்றபடியே கனமான மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். கட்டையின் மேல் தொட்டியை மெதுவாக உட்கார வைத்து, இன்ஜினை நிறுத்தினார்.

"தூக்குறது ஆயிலுண்ணே. இறக்குறது தொட்டியோட எடை. ஆயில் திரும்பிப் போக வழி வேணும்ல?"

ஹோஸ் கப்ளருக்குள் மண். அதனால் அது பாதிதான் பூட்டியிருந்தது; திரும்பி வந்த ஆயில், உள்ளே இருந்த வால்வை அடைத்துவிட்டது. கழற்றித் துடைத்து, 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்திப் பூட்டினார். தொட்டியைத் தூக்கிக் கட்டையை எடுத்ததும், முழுசாக இறங்கியது.

"அந்த வழி திடீர்னு திறந்திருந்தா, தலை உள்ளே இருக்கும்போதே தொட்டி விழுந்திருக்கும்ணே."

இப்போது கப்ளருக்கு மூடி இருக்கிறது. முட்டுக்கட்டை டிப்பரோடுதான் வயலுக்குப் போகிறது. எடுத்து வைப்பது மகள்.