டிப்ளமோ மட்டும்தானா?

சென்னையில் என் முதல் நேர்காணல். சான்றிதழைப் பார்த்தவர், "டிப்ளமோ மட்டும்தானா?" என்றார். நான் கொண்டுபோன கட்டுரைகளைப் புரட்டவே இல்லை. அன்றிரவே பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசிக்குத் திரும்பிவிட்டேன்.

"ஏல, சர்டிபிகேட்டா செய்தி எழுதுது? நீதானல எழுதுத!" என்றாள் அம்மா.

மறுநாள் குற்றாலத்தில் சாரல். பைக்கில் சும்மா சுற்றியபோது மத்தளம்பாறை ஸோஹோ அலுவலகம் கண்ணில் பட்டது. வழக்கமாகப் பார்க்கிற இடம்தான். அன்றுதான் நின்று யோசித்தேன்.

அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கி, குவால்காமில் வேலை பார்த்தவர். 2011ல் தென்காசிப் பக்கம் அலுவலகம் வந்தது. 2019ல் அவரே இங்கு குடிவந்துவிட்டார். கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளுக்கு உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து, வேலைக்கும் எடுக்கிறது அந்த நிறுவனம்.

பிரின்ஸ்டன் வரை படித்தவரே பட்டம் கேட்கவில்லை! வேலையிடத்தில் எல்லோருக்கும் இடம் வேண்டும் என்று பேசுகிறோம். சாதி, பாலினம், மொழியோடு இந்தக் காகிதத் தடையையும் அதில் சேர்க்க வேண்டாமா?

இன்று நானும் ஒரு டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கிறேன். பயிற்சிக்கு யாராவது வந்தால் என் முதல் கேள்வி, "இதுவரை என்ன எழுதியிருக்கீங்க?" என்பதுதான்.