முரசு யாருடையது?

சேரப்பணஞ்சேரியிலே, ஒரகடத்து ஆலைகளுக்கு ஓடும் வண்டிகளின் இரைச்சலுக்கிடையே, புறநானூற்றின் 112ஆம் பாட்டை நடத்தினோம். பாரி மாண்டான்; பறம்பு பறிபோயிற்று. அவன் மகளிரோ சென்ற மாதத்து நிலவையும் இம்மாதத்து நிலவையும் எண்ணி, ஐந்தே அடிகளில் இழப்பை உரைத்தனர். "கோபமே இல்லையே, ஐயா!" என்றான் மாணவன் ஒருவன்.

உக்ரைன் நாட்டு இசைப்புலவர் வாலந்தின் சில்வெஸ்த்ரோவ் நம் நினைவுக்கு வந்தார். 1937இல் கீவ் நகரில் பிறந்தவர். 2022இல் போர் மூள, 84 வயதில் பெர்லினில் அடைக்கலம் புகுந்தார். அங்கும் அவர் படைத்தது, செவிசாய்த்துக் கேட்கவேண்டிய மெல்லிசையே!

கோழைத்தனமா அது? அன்று, தோழர்களே! பாரி மகளிர் பாட்டிலும் முரசு இருக்கிறது. அது வென்ற வேந்தருடையது. வேந்தர் பெயரோ அங்கில்லை. மென்குரல் பறம்பை மீட்கவில்லை, பீரங்கியையும் நிறுத்தாது. ஆயினும், முரசோடு முரசாய் முழங்க மறுப்பதும் எதிர்ப்பே. மாணவனுக்கு நாம் சொன்ன விடை இதுவே.