கடிதம் போய்ச் சேரும் இடம்

வெறும் ‘புதுப்பட்டி’ என்று எழுதிய உறை வந்தால், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பவன் கை சற்று நிற்கும். தமிழ்நாட்டில் புதுப்பட்டிகள் எத்தனையோ. புதூர்களும் அப்படித்தான். மாவட்டம் இருக்காது, ‘வழி’ என்று பக்கத்து ஊர்ப் பெயரும் இருக்காது. ரயிலோ ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த ஜங்ஷனில் பை இறங்கியாக வேண்டும். முத்திரையைப் பார்ப்போம், அனுப்பியவர் ஊரைப் பார்ப்போம், பெறுபவரின் பெயரையும் தெருவையும் வைத்து ஊகிப்போம்.

ஆர்.எம்.எஸ். எனப்படும் ரயில் அஞ்சல் பிரிவில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. இரவு முழுக்க ஆடும் வண்டியில் நின்றபடி, சுவரோடு அமைத்த சிறு அறைகளில் கடிதங்களைப் பிரித்துப் போட வேண்டும். எந்த அஞ்சலகத்துக்கு எந்தப் பை என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். ரயில் கிளம்பும் நேரத்தில் தாமதக் கட்டணத்துக்கும் சேர்த்து அஞ்சல்தலை ஒட்டிய கடிதத்தோடு யாராவது ஓடிவந்து எங்கள் பெட்டியில் போடுவார்கள். மற்றபடி எழுதியவரையும் தெரியாது, பெறுபவரையும் தெரியாது. தபால்காரருக்காவது வாசலில் ஒரு முகம் கிடைக்கும். எங்களுக்கு முகவரி மட்டும்தான்.

“இதுல என்ன இருக்கு தாத்தா? மாசம் பொறந்தா சம்பளம் வருது, அவ்வளவுதான்” என்று இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்தச் சலிப்பை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதியைத் தின்னும் ஒன்றில் மனம் ஒட்டவில்லை என்றால் அது பெரிய துன்பம். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: உன் கையை விட்டுப் போவது யாரிடம் போய்ச் சேருகிறது, தெரியுமா? பெரும்பாலும் தெரிந்திருக்காது. அதைத் தெரிந்துகொள்ளும் வரை எந்த வேலையும், எவ்வளவு பெரிய பதவியாக இருந்தாலும், வெறும் கைவேலையாகத்தான் இருக்கும்.

எனக்கு அதைக் காட்டியது மணியார்டர். விடுப்பில் பெரியம்மா ஊருக்குப் போயிருந்தபோது, அந்த ஊர்த் தபால்காரரோடு பேசிக்கொண்டே நடந்தேன். ஒரு வீட்டில் பம்பாயிலிருந்து மகன் அனுப்பிய பணம். தபால்காரர் நோட்டுகளை எண்ணிக் கையில் வைத்தார், கைநாட்டு வாங்கினார், சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அந்த அம்மா பணத்தை எண்ணவே இல்லை. “அடியில என்ன எழுதியிருக்கான், படிங்க ஐயா” என்றார். மணியார்டர் படிவத்தின் அடியில் நாலு வரி எழுத இடமிருக்கும். தபால்காரர் படித்தார். அந்த அம்மா மறுபடி படிக்கச் சொன்னார், அவரும் மறுபடி படித்தார். பணம் பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டு அந்தக் கைநாட்டோடு மகனுக்குத் திரும்பிப் போகும். அம்மா நன்றாக இருக்கிறாள் என்று அவனுக்குச் சொல்ல அந்த மசி ரேகையைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு, எழுத்துப் புரியாத முகவரி வந்தபோதெல்லாம் நான் அதைக் கூடுதலாக ஒருமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். 2015-இல் பழைய மணியார்டர் சேவை நின்றபோது மனம் வலித்தது.

முதலில் சொன்ன ஊர்ப்பெயர்க் குழப்பத்துக்குத் தீர்வு கண்டவர் ஸ்ரீராம் பிகாஜி வெலங்கர். அஞ்சலை நிர்வகிக்கும் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயரதிகாரியாக இருந்தவர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க பின்கோடு அவருடைய ஏற்பாடு. முதல் மூன்று இலக்கங்கள் பிரிப்பவனுக்கு எந்தப் பகுதி, எந்த அஞ்சல் பிரிப்பு மாவட்டம் என்று சொல்லிவிடும். கடைசி மூன்றும் அஞ்சலகத்தைக் காட்டும். ஒரே பெயரில் பல ஊர்கள், படிக்கத் தெரியாத மொழிகள், தவறான முகவரிகள் என்று கடைக்கோடியில் நிற்பவன் படும் பாட்டை மேலே இருப்பவர் எண்ணிப்பார்த்ததன் விளைவு இது. எங்கள் வேலை யாரிடம் போய்ச் சேருகிறது என்று நான் யோசித்ததுபோல, தம் வேலை எங்களிடம் வந்து சேர்வதை அவர் யோசித்திருக்கிறார்.

இது அஞ்சலுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி 2001-இல் எழுதினார்கள். ஒரே மருத்துவமனை, ஒரே வேலை. சிலர் சொன்ன வேலையை மட்டும் முடித்தார்கள். வேறு சிலர் நோயாளிகளிடமும் பார்க்க வந்தவர்களிடமும் பேச்சுக் கொடுத்தார்கள், வார்டின் போக்குக்கு ஏற்ப வேலை நேரத்தை அமைத்துக்கொண்டார்கள். நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்தார்கள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சம்பளத்துக்காக வேலை செய்வதைத் தாழ்வாகப் பேசுபவரை நம்பாதீர்கள். என் தங்கைகளின் கல்யாணமும் பிள்ளைகளின் படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தன. அதுவும் என் வேலை போய்ச் சேர்ந்த இடம்தான். சேவை என்று புகழ்ந்துவிட்டுக் கூலியில் கை வைப்பது பழைய வழக்கம். கிராமக் கிளை அஞ்சலகங்களை நடத்திய ‘ஈ.டி.’ (எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல், அதாவது துறை சாரா) ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கிடையாது, படிதான். அவர்களும் அரசுப் பதவி வகிப்பவர்களே என்று 1977-இல் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. வேலையில் மனம் ஒட்டுவது உன் சொத்து. அதைக் காட்டி முதலாளி பேரம் பேச விடாதே.

என் தம்பி பேரன் சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளை அச்சிட்டுத் தரும் மென்பொருளில் வரும் பிழைகளைச் சரிசெய்கிறான். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்குபவர் யாரையாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். ஒருநாள் போய்ப் பாரேன் என்றேன். “லீவு கிடைக்காது தாத்தா” என்றான். லீவு எதற்கு? வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருபவர்கள் காலை ஆறரைக்கே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். சனிக்கிழமை நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.