மலையோரத் தாளங்கள் – 5: நென்மாறாவில் நின்று கேட்ட கொட்டு

"கூட யாரும் வரலீங்களா?"

பொள்ளாச்சியில் பஸ் கிளம்பியதுமே பக்கத்து இருக்கை அம்மா கேட்டார். முதலமடையில் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறாராம்.

"ஒருத்தியாத்தானுங்க."

"நென்மாறா வேலாத் திருவிழாவுக்குச் சாமி கும்பிடவா?"

"கொட்டு கேக்கறதுக்குங்க."

கொட்டு கேட்பதற்காக மட்டும் ஒரு பெண் எல்லை தாண்டிப் போவதை அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "வெயிலுக்குத் தலையில துணி போட்டுக்க கண்ணு" என்றார். தடுக்கவில்லை, வேறு அறிவுரையும் சொல்லவில்லை. அதுவே பெரிய வழியனுப்பாக எனக்குப் பட்டது.

சென்ற இதழில் இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனைக்கு அருகிலுள்ள கோவில்மலையைப் பற்றி எழுதியிருந்தேன். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மன்னான் மக்கள், கோவலன் கண்ணகி கதையை இன்றும் கூத்தாக ஆடுகிறார்கள். அங்கிருந்து திரும்பியதும் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்து, அடியார்க்கு நல்லார் உரையோடு படித்தேன். தோற்கருவிகளின் நீண்ட பட்டியல் ஒன்றை அவர் தருகிறார். அதில் இடக்கை இருக்கிறது, மத்தளம் இருக்கிறது, திமிலை இருக்கிறது. நம் பக்கத்தில் திமிலையைக் கேட்பது அரிதாகிவிட்டது. பாலக்காட்டில் இந்த மூன்றும் ஒரே வரிசையில் நின்று இன்றைக்கும் முழங்குகின்றன. கூடவே ஊதுகொம்பும் இலத்தாளம் என்ற கைத்தாளமும் சேர்ந்தால் அதுதான் பஞ்சவாத்தியம். எனக்குப் பிடித்த இசைக்குழு எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் அதுவரை கேட்டதெல்லாம் கைபேசியில், காதில் மாட்டிய கருவி வழியாகத்தான்.

பொள்ளாச்சியிலிருந்து திருச்சூர் போகும் சாலை கோவிந்தாபுரத்தில் கேரளத்துக்குள் நுழைகிறது. அடுத்தது முதலமடை. இந்தியாவின் மற்ற இடங்களில் மா பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே பழம் சந்தைக்கு வந்துவிடும். இடது கைப்பக்கம் நெல்லியாம்பதி மலை சுவராக எழுந்து கூடவே வருகிறது. வலப்பக்கம் வயலும் பனையும். கொல்லங்கோடு தாண்டினால் நென்மாறா. கொல்லங்கோடு அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, நென்மாறா கொச்சி ராஜ்யத்தில். அன்றைக்கு இந்தச் சிறு தூரத்துக்குள் ஆட்சியே மாறியிருக்கும். இன்று பஸ்ஸில் பேச்சு மட்டும் தமிழிலிருந்து மலையாளத்துக்கு நழுவுகிறது. எந்த நிறுத்தத்தில் நழுவியது என்று பிடிக்க முடியவில்லை.

வேலாவைக் கேட்கும் முன் வாத்தியம் பிறக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று முன்பே ஒருமுறை பெருவெம்பாவுக்குப் போயிருந்தேன். கொல்லங்கோட்டிலிருந்து பாலக்காடு போகும் வழியில் இருக்கும் ஊர். மத்தளம், செண்டை, மிருதங்கம் எல்லாம் இங்கே குடும்பத் தொழில். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. திண்ணையில் ஒருவர் பலா மரத்தில் கடைந்த மத்தளக் கட்டையை மடியில் சாய்த்து, தோலின் நடுவில் கருப்புச் சாந்தை விரலால் பூசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பூசுவார். காயவிடுவார். கல்லால் தேய்ப்பார். மறுபடி பூசுவார். நடுநடுவே சுண்டிப் பார்ப்பார். எனக்கு இரண்டு சுண்டலுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அவர் மட்டும் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு பூச்சுக்குப் போனார். மேடையில் கைதட்டல் வாங்கும் நாதத்துக்குப் பின்னால் இப்படி ஒருவர் நாளெல்லாம் குனிந்திருக்கிறார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெயர் நிகழ்ச்சி அழைப்பிதழில் வருவதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நென்மாறா வல்லங்கி வேலா மீன மாதம் 20ஆம் தேதி. நமக்குப் பங்குனி, ஆங்கிலத்தில் ஏப்ரல் முதல் வாரத் தொடக்கம். நெல்லிக்குளங்கரை பகவதிக்கு நென்மாறா, வல்லங்கி என்ற இரண்டு தேசங்கள் சேர்ந்தும் போட்டி போட்டும் எடுக்கும் திருவிழா. இங்கே தேசம் என்றால் ஊர்ப்பிரிவு. அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயலே திடல். இரண்டு பக்கமும் மூங்கிலால் கட்டி விளக்கால் இழைத்த ஆனைப்பந்தல்கள். நெற்றிப்பட்டம் கட்டிய யானைகள் வந்து நிற்பதற்கு. கூட்டத்தில் பெரும்பாலோர் மாலையில் நடக்கும் வெடிக்கட்டு என்ற வாணவேடிக்கைக்காக வருகிறவர்கள். எனக்கு உச்சி வெயிலில் தொடங்கும் பஞ்சவாத்தியம் போதும். சாலையோரம் யாரோ சம்பாரம் ஊற்றிக் கொடுத்தார்கள். இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்ட மோர். இரண்டு டம்ளர் குடித்தேன்.

சங்கு மூன்று முறை ஊதியது. கூட்டத்தின் பேச்சு தானாகக் குறைந்தது.

கலைஞர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கிறார்கள். ஒரு வரிசை திமிலை, அதன் பின்னே இலத்தாளம். எதிர் வரிசை மத்தளம், அதன் பின்னே கொம்பு. இடக்கை வரிசைகளின் ஓரத்தில். நான் முதலில் நின்றது மத்தளத்தின் பின்பக்கம். கொம்பு தலைக்கு மேல் வளைந்து நேராக என் காதுக்குள் ஊதியது, வேறெதுவும் கேட்கவில்லை. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "மோளே, அவிடெ நிந்நால் கொம்பு மாத்ரமே கேள்க்கூ. இங்ஙோட்டு வா" என்று தன் பக்கத்தில் இடம் விட்டார். நடுவில், வரிசைகள் முடியும் முனையில். அங்கே போனதும் வலது காதில் மத்தளமும் இடது காதில் திமிலையும் பிரிந்து கேட்டன. இத்தனை நாள் காதுக் கருவியில் ஒற்றை முழக்கமாகக் கேட்டது, அங்கே இரண்டு கரைகளுக்கு இடையே நடக்கும் பேச்சாகிவிட்டது.

ஏழு அட்சரங்கள் கொண்ட திரிபுடை தாளம் இதற்கு அடிப்படை. தொடக்கத்தில் அதை மிக மிக நீட்டி வாசிக்கிறார்கள். ஒரு ஆவர்த்தனம் முடிவதற்குள் தொடங்கிய இடம் மறந்துவிடும் அளவுக்கு நீளம். அதற்குப் பதிகாலம் என்று பெயர். ஒவ்வொரு காலமும் முடிந்து கலாசம் என்ற முத்தாய்ப்பு வரும்போது கொம்புகள் சேர்ந்து எழும்புகின்றன. அடுத்த காலத்தில் ஆவர்த்தனத்தின் நீளம் பாதியாகிவிடும். அதன் பிறகு மீண்டும் பாதி. இப்படிக் குறுகிக் குறுகி, முடிவில் வேகம் உடம்பைப் பிடித்துக்கொள்கிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். யாரும் உட்காரவில்லை.

இப்போதைய பஞ்சவாத்தியத்துக்கு இந்தக் கட்டுக்கோப்பு வந்தது 1930களில் என்கிறார்கள். அதற்கு உழைத்தவர்களில் முக்கியமானவர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி, அதாவது வெங்கடேசுவர ஐயர். பாரதப்புழைக் கரையிலுள்ள திருவில்வாமலையில் பிறந்த தமிழர், மத்தளக் கலைஞர். அவரோடு திமிலையில் அன்னமனடை அச்சுத மாரார், இடக்கையில் பட்டிராத்து சங்கர மாரார் போன்றவர்களும் சேர்ந்து இதைச் செதுக்கினார்கள். மிருதங்கத்துக்குப் பாலக்காட்டு மணி ஐயரை நாம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம், சரியே. வெங்கிச்சன் சுவாமியின் பெயரும் தமிழ் இசை ரசிகர் வாயில் புழங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எனக்குப் பக்கத்தில் நின்ற மத்தளக் கலைஞரின் வலது கையைக் கவனித்தேன். விரல்களில் துணி சுற்றிக் கெட்டியாக்கிய உறை. நம் தவில்காரர்கள் போட்டுக்கொள்ளும் கூடு மாதிரியே. தோல் அத்தனை முறுக்கம். வெறும் விரல் தாங்காது. இடக்கைக்காரருடைய கை வேறு கதை. தோளில் தொங்கும் வாத்தியத்தின் நடுக்கயிற்றை இடது கையால் அழுத்தியும் விட்டும், வலது கைக் குச்சியால் அதில் சுரம் வரவழைக்கிறார். கயிற்றில் தொங்கும் வண்ண நூல் குஞ்சங்கள் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குலுங்கின. சுற்றிலும் அத்தனை முழக்கம் இருக்கும்போது அந்த மெல்லிய குரல் காதுக்கு எட்டுமா என்று நினைத்தேன். எட்டியது. அதைக் கேட்க இன்னும் நாலடி நகர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தனியாக வந்ததன் அருமை அந்த நாலடியில் தெரிந்தது. இது உட்கார்ந்து கேட்கும் கச்சேரி இல்லை. நிற்கும் இடம் மாறினால் இசையே மாறும் கலை. துணைக்கு ஆள் இருந்திருந்தால் அவருக்கு வெயில் படுகிறதா, பசிக்கிறதா, நகரலாமா என்று பாதி மனம் அங்கே போயிருக்கும். பதிகாலத்தை நடுவில் நின்று கேட்டேன். அடுத்த காலத்துக்கு இலத்தாளத்தின் பின்னே போனேன். மத்தளக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் தனி வாசிக்கையில் அவர்களுக்கு எதிரே திமிலை வரிசைப் பக்கம் வந்துவிட்டேன். நெருக்கத்தில் பெண்கள் குறைவு. பெரும்பாலும் ஓரத்து வீட்டு மதில்களிலும் திண்ணைகளிலும் நின்றுதான் பார்க்கிறார்கள். உள்ளே வந்த எனக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் அரையடி ஒதுங்கி வழிவிட்டார். ஆனால் எல்லாத் திருவிழாவிலும் எல்லா நேரத்திலும் பெண்களுக்கு அப்படி வாய்க்காது. அதனால்தான் பட்டப்பகல் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தேன். கூட்டத்தின் நடுவில் பெண்கள் இன்னும் அதிகமாக வந்து நிற்க வேண்டும்.

வேகம் ஏற ஏற கூட்டத்தில் கைகள் உயர்ந்தன. தலைக்கு மேல் கையை வீசித் தாளம் போடுகிறார்கள், சமம் வரும் இடத்தில் அத்தனை கையும் ஒன்றாக இறங்குகிறது. யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு இடம் விட்ட பெரியவர் எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து விரலால் எண்ணிக் காட்டினார். நானும் கையைத் தூக்கினேன். கடைசியில் மற்ற வாத்தியங்கள் அடங்க, திமிலைகள் மட்டும் தனியே பேசின. திமிலை இடச்சில் என்பார்கள். உள்ளங்கைகள் தோலில் விழும் அந்தச் சத்தத்தில் அடியார்க்கு நல்லாரின் பட்டியல் எனக்கு ஏடாக இல்லை. கண்ணெதிரே வேர்த்து நின்றது.

நென்மாறா தேசம் முடித்தபோது வல்லங்கிப் பக்கம் இன்னும் கொட்டு ஓயவில்லை. வயலைக் குறுக்கே கடந்து அங்கேயும் போய் நின்றேன். வெடிக்கட்டுக்கு முன்னால் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன், கூட்டம் கலையத் தொடங்கினால் சாலையில் நகர இடம் இருக்காது என்று கடைக்காரர் ஒருவர் எச்சரித்திருந்தார். அடுத்த இதழில் கோட்டாயிக்கு அருகே, செம்பை வைத்தியநாத பாகவதரின் ஊருக்குப் போகிறோம். ஏகாதசிக்கு அங்கே பாட்டுக் கேட்க ஊரே திரளும்.

(தொடரும்)