பழைய கார், விட்டு விட்டு வரும் கோளாறு, ஒரு பையனின் பெயர்



கொஞ்சம் நீண்ட பதிவு. பழைய கார், வேன் வைத்திருப்பவர்கள் முழுவதையும் வாசித்தால் நல்லது. வாகனம் இல்லாதவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகும் வரியோடு சேர்ந்து வரும் விலை நம்மைப் போன்ற சம்பளக்காரருக்கு எட்டுவதாக இல்லை. அதனால் நம்மூர்த் தெருக்களில் இன்னும் ஓடுபவை பெரும்பாலும் 25, 30 வருடம் பழைய ஜப்பான் கார்கள்தான். எஞ்சினில் குறை சொல்ல முடியாது. ஆனால் வயர் வேறு கதை. கடற்கரை ஊர், உப்புக் காற்று, மாரி மழை எல்லாம் சேர்ந்து செம்பைத் தின்றுவிடும்.

நாங்கள் நான்கு ஆசிரியர்கள். கல்முனைப் பக்கமிருந்து உள்ளே வயல்வெளி தாண்டி இருக்கும் ஒரு பாடசாலைக்கு ஒரே காரில் போய் வருகிறோம். கார் எங்கள் மூத்த சேருடையது. பெற்றோல் செலவும் திருத்தச் செலவும் நால்வருக்கும் பொது. இரவில் எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது சுகமில்லாமல் போனால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் இந்தக் கார்தான். ஆகவே கார் நின்றால் எங்கள் நால்வரின் இடாப்பில் சிவப்புக் கோடு விழுவதோடு விஷயம் முடிவதில்லை.

கடந்த மாரியில் கோளாறு தொடங்கியது. ஹெட் லைட் போட்டால் சில வேளை மங்கும். சிக்னல் போடும்போது டாஷ் போர்ட் வெளிச்சமும் கூடவே துடிக்கும். புளோவர் திடீரென்று இளைக்கும். பெற்றோல் முள்ளும் ஹீட் முள்ளும் சொல்லி வைத்தது போல ஒன்றாக அசையும். கராஜுக்குக் கொண்டுபோனால் ஒன்றுமே இராது. எல்லாம் பளிச்சென்று எரியும். வீடு திரும்பும் வழியில் மறுபடி தொடங்கும்.

முதலில் பற்றரி மாற்றினோம். நாலு நாள் நன்றாக இருந்தது. பிறகு ஒல்டனேட்டர் என்றார்கள். ரீகண்டிஷன் ஒன்று வாங்கி, கராஜில் வேலை பழகும் பையன்தான் பூட்டினான். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மழையில் பழையபடி. இதற்கே எங்கள் நால்வரின் ஒரு மாதச் செலவில் பெரிய துண்டு போய்விட்டது.

அதன் பிறகுதான் ஊரில் ஒரு கதை கிளம்பியது. "பொடியன் நல்ல சாமானக் கழட்டி வித்துட்டு, பழுதானதப் போட்டுட்டான்." யார் தொடக்கினார் என்று தெரியாது. தேத்தண்ணிக் கடையிலும் வட்சப்பிலும் ஓடியது. கராஜ் முதலாளி பையனின் ஒரு கிழமைச் சம்பளத்தைப் பிடித்து வைத்தார். இரண்டு பேர் அவனிடம் தங்கள் வாகனத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லியும் விட்டார்கள். வாப்பா இல்லாத பையன், வயது 19.

அந்தக் கிழமையே மற்றதும் நடந்தது. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு முடித்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து கொண்டிருந்தோம். வயல் நடுவே சிறிய பாலம், இரு பக்கமும் வாய்க்கால். பாலத்தில் கார் குலுங்கியதும் ஹெட் லைட், டாஷ் போர்ட், வைப்பர் எல்லாம் ஒன்றாகச் செத்தன. எஞ்சின் மட்டும் ஓடுகிறது. முன்னால் பின்விளக்கில்லாத உழவு இயந்திரம் ஒன்று போய்க் கொண்டிருந்ததை, லைட் போவதற்கு ஒரு நொடி முன்புதான் கண்டிருந்தோம். மூத்த சேர் பிரேக்கை மிதித்து ஓரமாக நிறுத்தினார். ஐந்தாறு நொடியில் எல்லாம் தானாகவே எரியத் தொடங்கின. அல்லாஹ் காப்பாற்றினான். அன்றோடு, காரணம் தெரியாமல் இந்தக் காரை இரவில் எடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். ஒழுங்கையில் எல்லோருக்கும் சொல்லியும் வைத்தோம். அதைச் சொல்வது லேசாக இருக்கவில்லை.

இனி, காரணத்தைத் தேடிய விதம்.

எங்களில் விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர் ஒரு சீஆர் கொப்பியை டாஷ் போர்ட்டில் வைத்தார். கோளாறு வரும் ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், மழையா வெயிலா, எஞ்சின் சூடா, அந்த நேரம் என்னென்ன போட்டிருந்தது, பாதை எப்படி என்று எழுதுவது. மூன்று கிழமையில் 11 தடவை பதிவானது. அதில் 9 தடவை ஹெட் லைட்டோ புளோவரோ போட்டிருந்தோம். 8 தடவை பள்ளமோ பாலமோ. காய்ந்த காலை நேரத்தில் ஒரு தடவையும் இல்லை. அத்தோடு, கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றது ஒரு நாளும் இல்லை. ஸ்டார்ட்டர் எப்போதும் கும்மென்று அடித்தது.

கொப்பியை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் இருக்கும் வயதான வயரிங் காக்கா ஒருவரிடம் போனோம். இப்போது கண் பார்வை குறைவு, வேலை செய்வதில்லை. கொப்பியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்.

"சேர், ஸ்டார்ட்டருக்கும் லைட்டுக்கும் எர்த் ஒரே பாதையா?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. காரில் மின்சாரம் பற்றரியின் பிளஸ்ஸிலிருந்து வயரால் போகும். திரும்பி வருவது பெரும்பாலும் பொடி இரும்பு வழியாக. அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். எங்கள் காரில் பற்றரி மைனஸிலிருந்து தடித்த கேபிள் நேரே எஞ்சினுக்குப் போகிறது. ஸ்டார்ட்டர் எஞ்சினில் இருப்பதால் அதற்கு அந்தத் தடித்த கேபிளே போதும். ஆனால் லைட், வைப்பர், புளோவர், டாஷ் போர்ட் எல்லாம் பொடியில் எர்த் ஆனவை. பொடியிலிருந்து பற்றரிக்கு வர வேறு இரண்டு பாதை இருக்க வேண்டும்: மைனஸ் டெர்மினலிலிருந்து பொடிக்குப் போகும் மெல்லிய வயர் ஒன்று, எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையில் பின்னல் பட்டி ஒன்று.

"ஸ்டார்ட்டர் நல்லா அடிக்குது, அப்ப எர்த் நல்லம்" என்றுதான் அதுவரை பார்த்த எல்லோரும் சொன்னார்கள். அது எஞ்சின் எர்த்துக்கு மட்டும் சரி. பொடி எர்த்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அன்றே பொனட்டைத் திறந்து பார்த்தோம். பின்னல் பட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளை மட்டும் இருந்தது. துளைக்குள் ஊறிய துருவைப் பார்த்தால் வருடக்கணக்கு. இந்தக் கார் எங்கள் சேரிடம் வருவதற்கு முன்பு எப்போதோ எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவர்கள் பட்டியைத் திரும்பப் பூட்டவில்லை. அதனால் பொடியின் முழு மின்னோட்டமும் அந்த ஒரு மெல்லிய வயரால்தான் இத்தனை காலம் போயிருக்கிறது.

மெல்லிய வயர் வெளியில் பார்க்க நல்லது. மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளந்தால் கிட்டத்தட்ட பூச்சியம். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான மீட்டரின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். அதைவிடச் சிறிய தடையை அந்த மீட்டரால் பிரித்துக் காட்ட முடியாது. வயருக்குள் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் "நல்லம்" என்றே சொல்லும்.

ஆனால் 0.2 ஓம் என்பது சின்ன விஷயமா? பத்தாம் தரத்தில் படிப்பிக்கும் ஓமின் விதியைப் போட்டுப் பாருங்கள். 55 வோட்ஸ் பல்ப் இரண்டு, மொத்தம் 110. பன்னிரண்டு வோல்ட்டில் ஏறத்தாழ 9 அம்பியர், அதாவது பல்ப் இரண்டும் சேர்ந்து சுமார் 1.3 ஓம். அதோடு எர்த்தில் 0.2 ஓம் சேர்ந்தால் சுமார் 1.6 வோல்ட் அங்கேயே செலவாகிவிடும். வோல்ட் சிறிது குறைந்தாலும் பல்ப்பின் வெளிச்சம் அதைவிடப் பெரிய அளவில் குறையும். புளோவரும் வைப்பரும் அதே வயரில் சேர்ந்தால் இழப்பு இன்னும் கூடும். காய்ந்த காலையில் ஒன்றும் போடாமல் ஓடும்போது கோளாறு தெரியாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே ஓமில் அளக்காமல் வோல்ட்டில் அளக்க வேண்டும், அதுவும் வேலை செய்யும்போது. எஞ்சின் ஓட, ஹெட் லைட், புளோவர், வைப்பர் எல்லாம் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பற்றரி மைனஸ் கட்டையிலும் மற்றதைப் பெயின்ட் இல்லாத பொடி இரும்பிலும் வைத்தோம். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லம். முதலில் அப்படித்தான் காட்டியது. பிறகு ஒருவர் அந்த வயரை மெதுவாக ஆட்டினார். 3 வோல்ட் தாண்டிப் பாய்ந்தது, ஹெட் லைட் மங்கியது. ஆட்டுவதை நிறுத்தியதும் இறங்கியது. மூன்று மாதம் எங்களை அலைக்கழித்தது அந்த நொடியில் கைக்குள் வந்தது. அப்போதே ஒக்சிலேற்றர் கேபிளைத் தொட்டுப் பார்த்தால் அதுவும் சூடு. வழி தேடிய மின்சாரம் பெடலுக்கும் எஞ்சினுக்கும் இடையிலான அந்தக் கம்பி வழியாகவும் போயிருக்கிறது.

வயரைக் கழற்றி லக்குக்குப் பக்கத்தில் இரண்டு அங்குலம் சீவினோம். உள்ளே செம்பு பச்சைப் பொடியாகிக் கிடந்தது. மிஞ்சியது நாலைந்து இழை. பற்றரி மாற்றும்போதும் ஒல்டனேட்டர் மாற்றும்போதும் இந்த வயர் அசைந்து, தற்செயலாக நன்றாகத் தொட்டுக் கொண்டிருக்கிறது. அதுதான் அந்த நாலு நாளும் இரண்டு நாளும். புதுச் சாமானும் பழுதில்லை, பூட்டிய பையனிலும் பிழையில்லை.

தடித்த புது வயர், நல்ல லக், பழைய சாமான் கடையில் ஒரு பின்னல் பட்டி. இதற்குப் பஞ்சிகாவத்தை வரை போகத் தேவையில்லை, பக்கத்திலேயே கிடைத்தது. பொடியில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைப் பளபளப்பாக்கி, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் பூசினோம். மொத்தச் செலவு நாங்கள் நால்வரும் ஒரு நேரம் கடையில் புரியாணி சாப்பிடும் காசு கூட இல்லை. அதன் பிறகு இரண்டு மாதம், கடும் மழை உட்பட, கொப்பியில் ஒரு வரியும் ஏறவில்லை. இப்போது இரவிலும் எடுக்கிறோம்.

உங்கள் வாகனத்திலும் இப்படி இருந்தால், சாமான் வாங்க முன்பு இவற்றைச் செய்யுங்கள்:

1. கொப்பி வையுங்கள். "சில நேரம் வருது" என்று பாஸிடம் சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

2. பற்றரியை அளவுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஒல்டனேட்டரை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

3. டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில்.

4. பல விளக்குகள் ஒன்றாக மங்கினால், சம்பந்தமில்லாத இரண்டு சாமான் சேர்ந்து துடித்தால், முதலில் எர்த்தைப் பாருங்கள். எல்லாம் போட்டுக்கொண்டு, வயரை ஆட்டிக்கொண்டு அளவுங்கள்.

5. பின்னால் பூட்டிய செட், அலாரம், ஹோர்ன் வயர்களைப் பாருங்கள். முறுக்கி டேப் சுற்றிய மூட்டு நம்மூர் வெக்கையில் பசை இளகித் திறந்துவிடும்.

6. பியூஸ் எரிந்தால் அதே அம்பியர் பியூஸ் மட்டும். சிகரட் ஈயத்தாளோ செம்புக் கம்பியோ வைத்தால் பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும், பிறகு கார் எரியும்.

கடைசி விஷயம். பச்சையேறிய அந்த வயர்த் துண்டையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு நாங்கள் நால்வரும் கராஜுக்குப் போனோம். முதலாளி வயரைப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், இழைகள் கையில் உதிர்ந்தன. ஒன்றும் பேசவில்லை. பிடித்து வைத்த சம்பளத்தை எங்கள் முன்னாலேயே எண்ணிக் கொடுத்தார். பையன் காசை வாங்கிப் பொக்கெட்டில் வைத்துவிட்டு, "சேர், அந்த வயரை எனக்குத் தருவீங்களா?" என்று மட்டும் கேட்டான். கொடுத்துவிட்டு வந்தோம்.

சம்பளம் திரும்பிவிட்டது. ஆனால் அவனைப் பற்றிய கதை வட்சப்பில் எத்தனை பேரிடம் போனதென்று யாருக்கும் தெரியாது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்தக் கதை உங்களிடம் வந்திருந்தால், நீங்கள் யாருக்குச் சொன்னீர்களோ அவர்களுக்கு இதையும் சொல்லிவிடுங்கள். அவனிடம் வாகனம் கொடுக்கத் தயங்கியவர்கள் தாராளமாகக் கொடுங்கள். இப்போது அவன் எந்தக் கார் வந்தாலும் முதலில் எர்த்தைத்தான் அளக்கிறானாம்.

வஸ்ஸலாம்.